பார்த்து வரைய ஓர் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கோடை விடுமுறை ஓவிய வகுப்புகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல வகுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பெற்றோருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்த கட்டுரையாளர், ஓரிடத்தில், ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லும் வகுப்பு என்றால் பிள்ளையை அங்கே சேர்க்க வேண்டாம், அது காப்பி அடிக்கும் பழக்கம், கற்பனையைக் கெடுத்துவிடும் என்று எழுதியிருந்தார். அந்த இடம் எனக்கு வலித்தது. கடந்த பத்து மாதமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

நான் மயிலாடுதுறையில் தையல் கடை வைத்திருக்கிறேன், 27 வருடத் தொழில். என் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். எங்களிடம் வருகிறவர்கள் அளவு ஜாக்கெட் ஒன்று கொண்டுவருவார்கள். சில ஜாக்கெட் உடம்பில் அப்படி உட்கார்ந்திருக்கும், எங்கோ வெளியூரில் யாரோ ஒருவர் தைத்தது. நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் என் அக்கா அப்படி ஒரு பழைய ஜாக்கெட்டைக் கையில் கொடுத்து, தையலைப் பிரி, பிரித்துவிட்டு மறுபடி அதே மாதிரி சேர் என்றார். கைக்குழியின் வளைவு எவ்வளவு, டாட் என்கிற மடிப்புத் தையல் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிரித்த பிறகுதான் தெரிந்தது. வெளியே இருந்து நூறு தடவை பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதை யாரும் காப்பி என்று சொல்லவில்லை, தொழில் பழகுகிறாள் என்றுதான் சொன்னார்கள்.

ஓவியத்துக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் பிறந்த ஓவியர் இளையராஜாவின் படங்களை வார இதழ்களில் பார்த்து வெட்டி வைத்துக்கொள்வேன். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கிற பெண்கள், அவர்கள் கட்டியிருக்கிற சேலையின் மடிப்பு, எண்ணெய் வைத்த தலைமுடி, எல்லாம் நம் வீட்டுப் பெண்கள். 2021 ஜூனில் கொரோனாவில் அவர் இறந்துபோன செய்தி வந்த அன்று கடையைத் திறக்க மனம் வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் போய், எனக்கு ஆயில் கலர் கற்றுக்கொடுங்கள், இளையராஜாவின் படம் ஒன்றைப் பார்த்து வரைய வேண்டும் என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். பார்த்து வரைவதில் தப்பில்லை, ஆனால் அவர் படங்களுக்குக் காப்புரிமை இருக்கிறது, நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருடம் வரை அது அவர் குடும்பத்துடையது, முதல் பாடத்துக்கு எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட பழைய படம் ஒன்றை எடுப்போம் என்று சொல்லி, தன் கணினியில் சில படங்களைக் காட்டினார். அதில் ஒன்றில் என் கண் நின்றுவிட்டது.

பீட்டர் டி ஹோக் என்ற டச்சு ஓவியர் 1663இல் வரைந்த படம் அது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய மர பீரோவின் முன்னால் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், வெளுத்து மடித்த வெள்ளைத் துணிகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் துணிக்கூடை. மறுபக்கம் வாசற்படி அருகே ஒரு குழந்தை கையில் மட்டையோடு பந்தை உருட்டி விளையாடுகிறது. அந்த வாசல் வழியாகப் பார்த்தால் அடுத்த அறை, அதைத் தாண்டித் திறந்த தெருக்கதவு, அதற்கும் அப்பால் கால்வாய்க்கு அந்தக் கரையில் வெயில் விழுந்த வீட்டுச் சுவர். ராஜா இல்லை, சாமி இல்லை, போர் இல்லை. துணி மடித்து வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அந்தக் கதவுகள்தான் முதலில் பிடித்தன. எங்கள் பாட்டி வீடு பழைய வீடு. தெருத்திண்ணையில் நின்றால் ரேழி, முற்றம், கூடம், அடுக்களை நடை எல்லாவற்றையும் தாண்டிக் கொல்லைக் கிணறு வரை ஒரே பார்வையில் தெரியும். நடுவில் முற்றத்து வெளிச்சம், அப்புறம் இருட்டு, மறுபடி கொல்லை வெளிச்சம். சிறு வயதில் வாசலில் உட்கார்ந்து, பாட்டி கொல்லையிலிருந்து வருவதை அப்படிப் பார்த்திருக்கிறேன், இருட்டில் மறைந்து முற்றத்தில் தெரிந்து மறுபடி மறைந்து வருவார். எங்கோ 360 வருடத்துக்கு முன்னால் இருந்த ஒருவர் அதே பார்வையைத் தன் ஊரில் பிடித்து வைத்திருக்கிறாரே என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரு கதவு வழியாக இன்னொரு அறையைக் காட்டுவதில் டி ஹோக் பேர் பெற்றவர் என்று சார் பிறகுதான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், டி ஹோக்கின் அப்பா கொத்தனார், அம்மா மருத்துவச்சி. சுவரும் தரையும் வாசற்படியும் அந்தப் படங்களில் அவ்வளவு திடமாக நிற்பதற்கு அதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றும்.

ரைக்ஸ்மியூசியம் தன்னிடம் இருக்கிற படங்களை மிகப் பெரிய அளவில், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. சார் அதை இறக்கிக் கொடுத்தார், டிஜிட்டல் பிரிண்ட் கடையில் அச்செடுத்தோம். அசலின் அளவு 70 சென்டிமீட்டர் உயரம், 75.5 சென்டிமீட்டர் அகலம். நாம் அதே அளவில் வரையக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது குறைத்துக்கொள்ள வேண்டும், பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பார்த்து வரைகிறவர்கள் அசலின் அளவிலேயே வரையக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, நம் படத்தை யாரும் அசல் என்று விற்றுவிடக் கூடாது என்பதற்காக என்று சார் சொன்னார். கணக்குப் போட்டால் என் அங்குல டேப்பில் 22க்கு 23¾ வந்தது. சட்டம் அடித்து, துணி இழுத்துக் கட்டினேன். துணி இழுத்துக் கட்டுவதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது தரை. கறுப்பும் வெளுப்புமாகச் சதுரக் கற்கள் பாவிய தரை, நம்மிடமிருந்து விலகிப் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். நான் கட்டம் போட்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வரைந்தேன், மூன்று நாள் வேலை. முடித்துப் பார்த்தால் தரை ஒரு பக்கம் சரிந்து, கூடை உருண்டு விழுந்துவிடும் போல இருந்தது. சார் ஒன்றும் சொல்லாமல் அச்சுப் படத்தின் மேல் என் தையல் நூலை எடுத்து, உள்ளே போகிற கோடு ஒன்றின் மேல் வைத்து இழுத்துப் பிடித்தார். இன்னொரு கோட்டின் மேல் இன்னொரு நூல். இப்படி ஐந்தாறு நூல் வைத்ததும் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தன. என் உடம்பு சிலிர்த்துவிட்டது, நிஜமாகச் சொல்கிறேன். பீரோவின் மேல் விளிம்பு, கதவுச் சட்டம், தரைக்கல் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன என்று நினைத்திருந்தேன், அத்தனையும் ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது.

அப்புறம் அவர் சொன்னதுதான் இன்னும் பெரிய விஷயம். அதே காலத்தில், டி ஹோக் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் முன் இருந்த டெல்ஃப்ட் நகரத்தில் வரைந்த வெர்மீர் என்ற ஓவியரின் ஓவியங்களை ஆராய்ந்தபோது பத்துக்கும் மேற்பட்டவற்றில் அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் ஊசி குத்திய துளை இருந்திருக்கிறது. அங்கே ஊசி குத்தி, அதில் நூல் கட்டி, நூலுக்குச் சுண்ணப்பொடி தடவி, இழுத்துவிட்டுச் சுண்டினால் கேன்வாஸில் நேர்கோடு விழும். கொத்தனார் நூல் அடிப்பது அதே வேலைதானே! நானும் குண்டூசி குத்தி, நூலில் எங்கள் மார்க்கிங் சாக்கைத் தேய்த்துச் சுண்டினேன். ஒரே மாலையில் தரை முழுவதும் சமமாகப் படுத்துக்கொண்டது. இதை எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அந்த மூன்று நாள் தப்பு இல்லாவிட்டால் அந்த நூலின் அருமையும் தெரிந்திருக்காது.

வண்ணத்துக்கு வந்தேன். சார் ஏழு ட்யூப்புக்கு மேல் வாங்க விடவில்லை: டைட்டானியம் வொயிட், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர், ஒரு சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், ஐவரி பிளாக். முதலில் பர்ன்ட் அம்பரை டர்பென்டைனில் தண்ணீராகக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கப் பூசி, காய்ந்ததும் அதே பழுப்பில் இருட்டு எது வெளிச்சம் எது என்று மட்டும் பிரித்து முழுப் படத்தையும் ஒரு தடவை போட வைத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வார். சுருக்கினால் பெண்களும் பீரோவும் கூடையும் மறைந்து நான்கைந்து பெரிய இருட்டுத் திட்டும் இரண்டு வெளிச்சத் திட்டும்தான் மிஞ்சும், அதைப் பிடித்தால் படம் நிற்கும் என்பார். சரி என்று செய்தேன். அந்தப் பழுப்புப் படம் ஒரு வாரம் சுவரில் சாய்ந்திருந்தபோது கடைக்கு வந்த பெண்கள், இதுவே நன்றாக இருக்கிறதே, இப்படியே விட்டுவிடுங்கள் என்றார்கள்.

வெள்ளைத் துணியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். 27 வருடம் துணியிலேயே வாழ்ந்தவள் நான். வெள்ளைத் துணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்து, அந்தப் பெண் கையில் ஏந்தியிருக்கிற துணி அடுக்கை ட்யூப்பிலிருந்து பிதுக்கிய வெள்ளையால் ஒரே மூச்சில் போட்டேன். அது காகிதத்தை வெட்டி ஒட்டின மாதிரி படத்திலிருந்து துருத்திக்கொண்டு நின்றது. சார் வந்து பார்த்தார். “வெள்ளையை எடுக்காதீங்கம்மா. உங்க நூல் பெட்டியைக் கொண்டுவாங்க” என்றார்.

என்னிடம் மேட்சிங் பார்ப்பதற்காக இருநூறு ஷேடுக்கு மேல் நூல்கண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அச்சுப் படத்தில் அந்தத் துணியின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் வெள்ளை நூலை வைத்தேன், படத்துத் துணி உடனே அழுக்காகத் தெரிந்தது. கிரீம் வைத்தேன், அதுவும் இல்லை. துணியின் நிழல் பக்கத்துக்குக் கடைசியில் பொருந்திய நூல் எது தெரியுமா, பள்ளிக்கூடப் பையன்களின் சாம்பல் நிறக் கால்சட்டைக்குப் போடுகிற நூல். மடிப்பின் உள்ளே பழுப்பு. வெளிச்சம் படும் மேல் விளிம்பில்கூட லேசான மஞ்சள். சுத்த வெள்ளை என்று சொல்லக்கூடியது ஊசிமுனை அளவுக்கு ஓரிரண்டு இடத்தில் மட்டும். இத்தனை சாம்பலும் பழுப்பும் சேர்ந்துதான், வெளுத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைத் துணி என்று நம் கண் நம்புகிறது. அன்று மதியம் கடைக்குத் திரும்பி, தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை உள்பாவாடைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அவற்றிலும் அதே சாம்பல், அதே பழுப்பு. இத்தனை வருடம் கையில் பிடித்த துணியை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது இதுதான். இது எந்தக் கற்பனையைக் கெடுத்தது? ஒரு குழந்தையை வெள்ளைத் தாளோடு உட்கார வைத்து மனதில் தோன்றுவதை வரை என்றால், நல்லது, வரையட்டும். ஆனால் பெரும்பாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம் வரும். அதுவும் பார்த்து வரைந்ததுதான், யாரோ போட்டதைப் பார்த்து யாரோ போட்டதைப் பார்த்துக் கைமாறி வந்தது. மலையே இல்லாத எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் மலைதான் போடுகிறார்கள். ஏற்கெனவே பார்த்து வரைகிறார்கள் என்றால், நல்லதைப் பார்த்து, நிதானமாக, கூட ஒருவர் இருந்து கேள்வி கேட்டு வரையட்டுமே.

கர்நாடக சங்கீதத்தில் பாடாந்தரம் என்று சொல்கிறோம். குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடித்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். மேடையில் தியாகராஜர் கீர்த்தனை பாடுகிறவரைப் பார்த்து இவர் காப்பி அடிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒப்புமை என்னுடையது என்று நினைத்திருந்தேன், வான்கோவே சொல்லியிருக்கிறார் என்று சார் சொன்னார். 1889, 90இல் மருத்துவமனையில் இருந்த காலத்தில் அவர் மில்லே என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்களைப் பார்த்து இருபதுக்கும் மேல் வரைந்திருக்கிறார். இசைக்கலைஞர் பீத்தோவனை வாசிப்பது போலத்தான் இது என்ற பொருளில் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள்தான், வண்ணம் முழுக்க அவருடையது. வான்கோவின் கற்பனை கெட்டுப்போனதா என்ன?

நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. ரவி வர்மா சிறுவனாகத் திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்தபோது, ஆயில் கலர் தெரிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தை வரைய வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை, தான் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றுக்கொண்ட ரவி வர்மாதான் ஐந்து வருடத்தில், 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார். பிறகு அவர் படங்கள் அச்சில் வந்து வீட்டுக்கு வீடு மாட்டப்பட்டன, அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் நம் ஊரில் எத்தனையோ காலண்டர் ஓவியர்களும் பேனர் ஓவியர்களும் கை பழகினார்கள். கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவைச் சுற்றியிருந்த சீடர்களும் குருவின் கையைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையாளர் பயப்படுகிற மாதிரியான வகுப்புகளும் இருக்கின்றன. செல்போனில் இருக்கிற படத்தை டிரேஸ் எடுத்து, ஆசிரியரே முக்கால்வாசி பூசி, பிள்ளையின் பெயரைக் கீழே எழுதி ஃபிரேம் போட்டுப் பெற்றோரிடம் கொடுத்துவிடுவார்கள். அதில் பிள்ளை எதையும் பார்க்கவில்லை. அதைக் கண்டித்து எழுதுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். பார்த்து வரைந்த படத்தின் பின்னால் யாரைப் பார்த்து வரைந்தது, எந்த வருடம் வரைந்தது என்று எழுத வேண்டும், முன்னால் அசல் ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. என் சார் கேன்வாஸில் முதல் கோடு போடும் முன்பே பின்பக்கம் எழுத வைத்துவிட்டார். இந்த ஒழுங்கு இருந்தால் திருட்டு என்ற பேச்சே எழாது.

வேறு சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது வீட்டில் முயன்று பார்த்தால் உதவும். ஆயில் கலர் தண்ணீர் வற்றுவது போல வற்றிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அம்பர் சீக்கிரம் இறுகும், ஐவரி பிளாக் நாள் எடுக்கும். அடியில் பூசுவதில் டர்பென்டைன் கூடுதலாகவும் மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாற்றிச் செய்தால் மேல் பூச்சு பின்னால் வெடிக்கும். நான் அவசரப்பட்டுக் கதவுப் பக்கத்து இருட்டைச் சரியாகக் காயாத கறுப்பின் மேல் பூசி, அந்த இடத்தை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஐப்பசி மழையில் கேன்வாஸ் ஈரம் வாங்கித் தொய்ந்துபோனது, ஆப்புத் தட்டி இறுக்கினேன். முக்கியமாக, எண்ணெய் துடைத்த துணிகளை உருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடாகும், குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் முக்கியோ அப்புறப்படுத்துங்கள். துணி குவிந்து கிடக்கிற தையல் கடையில் வரைகிறவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தீபாவளி சமயத்தில் மூன்று வாரம் படத்தைத் தொடவே முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது, வாசலுக்கு அப்பால் இருக்கிற அந்த வெயில் என் படத்தில் வெயிலாக இல்லை, மஞ்சள் சுண்ணாம்பாக இருந்தது. வெளிச்சத்தில் இன்னும் வெள்ளை சேர்த்தேன், இன்னும் செத்துப்போனது. வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், வீட்டுக்குள்ளே இருட்டைக் கூட்டுங்கள் என்றார் சார். கதவை ஒட்டிய உள்சுவரில் அம்பரும் நீலமும் கலந்து, எண்ணெய் கூட்டிக் கண்ணாடி மாதிரி மெல்லிதாக ஒரு பூச்சு கொடுத்தேன். வெளியே நான் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, ஆனால் வெளியே வெயில் அடித்தது. பாட்டி வீட்டு முற்றம் ஏன் அப்படிக் கண்ணைக் கூசியது என்பது எனக்கு அன்று விளங்கியது, ரேழி அவ்வளவு இருட்டு.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டைப் பார்த்து வரைவதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அச்சில் சிவப்பு தூக்கலாக வந்துவிடுகிறது, இருட்டுக்குள் இருக்கிற வேறுபாடுகள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடுகின்றன, பிரஷ் எங்கே தடிமனாகப் போயிருக்கிறது எங்கே மெல்லிதாகப் போயிருக்கிறது என்பது தெரிவதே இல்லை. அசலின் முன்னால் உட்கார வேண்டும். டி ஹோக்கின் முன்னால் உட்கார எனக்கு வழியில்லை. ஆனால் நம் ஊரிலேயே அருங்காட்சியகங்களில் நல்ல ஆயில் கலர் ஓவியங்கள் இருக்கின்றன. சாரும் நானும் அவரிடம் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேரும் பஸ் ஏறி அப்படி ஓர் இடத்துக்குப் போனோம். டிக்கெட் வாங்கி உள்ளே போய், ஓர் ஓவியத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தோம். பத்து நிமிடத்தில் காவலர் வந்து, இங்கே உட்காரக் கூடாது, வரையக் கூடாது, வேண்டுமானால் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சொல்லியிருப்பதை அவர் சொல்கிறார். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம், ஐந்து மாதம் ஆகிறது, பதில் இல்லை. எட்டாவது படிக்கிற அந்தப் பெண் பஸ்ஸில் திரும்பி வரும்போது, போட்டோ எடுக்கலாமாம், வரையக் கூடாதாம், ஏன் சார் என்று கேட்டாள். சாரால் பதில் சொல்ல முடியவில்லை.

ரைக்ஸ்மியூசியத்தில் 2015இல் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். போட்டோ எடுப்பதைக் குறைத்துக்கொண்டு வரையுங்கள், வரைந்தால்தான் பார்ப்பீர்கள் என்று வருகிறவர்களை ஊக்கப்படுத்தினார்கள். லூவர் 1793இல் திறந்தபோதே பொதுமக்களுக்கு ஒதுக்கிய நாட்களைவிட ஓவியர்களுக்கு ஒதுக்கிய நாட்கள் அதிகம். மானே, தெகா, செசான் போன்ற பிரெஞ்சு ஓவியர்கள் எல்லோரும் அங்கே ஓவிய ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்து பழைய படங்களைப் பார்த்து வரைந்தவர்கள். இன்றும் அனுமதி வாங்கியவர்கள் காலை நேரத்தில் அங்கே உட்கார்ந்து வரைகிறார்கள்.

நாங்கள் கேட்பது அவ்வளவுகூட இல்லை. கூட்டமில்லாத வார நாள் ஒன்றில் காலை மூன்று மணி நேரம், ஒரு கூடத்தில் ஐந்து பேருக்கு ஸ்டூல். டர்பென்டைனும் எண்ணெயும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்குள் தீப் பயம் இருக்கும், அது நியாயம்தான். பென்சிலும் கலர் பென்சிலும் போதும், வண்ணத்தை வீட்டில் வந்து பார்த்துக்கொள்வோம். ஓவியத்திலிருந்து எத்தனை அடி தள்ளி உட்கார வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுங்கள், அதைத் தாண்ட மாட்டோம். போகும்போது தாளின் பின்னால் முத்திரை குத்திக் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும், வேலை பார்த்துக்கொண்டே வரைகிறவர்களுக்கும், நுண்கலைக் கல்லூரியில் சேர முடியாமல் போனவர்களுக்கும் சேர்த்து அந்த ஐந்து இடம் இருக்கட்டும். இதற்குத் தனியாகக் கட்டடமோ நிதியோ வேண்டியதில்லை, ஓர் அதிகாரி ஓர் ஆணை எழுதினால் போதும். உங்கள் பத்திரிகை இதைக் கேட்டால் பதில் வரும் என்று நம்புகிறேன், நாங்கள் கேட்டதற்குத்தான் வரவில்லை.

என் படம் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. மட்டையோடு நிற்கிற குழந்தையின் முகம்தான் பாக்கி, என் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய முகம், அதற்குள் ஒரு வெளிச்சமும் இரண்டு நிழலும். நான்கு தடவை துடைத்து எடுத்துவிட்டேன், ஐந்தாவது தடவை வந்துவிடும். கட்டுரையாளர் எப்போதாவது மயிலாடுதுறைப் பக்கம் வந்தால் கடைக்கு வரட்டும், படம் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறது. வார்னிஷ் பூச இன்னும் ஆறு மாதமாவது ஆகும். கிட்டே வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், கை மட்டும் பட வேண்டாம், வாசல் பக்கத்து இருட்டு இன்னும் காயவில்லை.

இப்படிக்கு,
தையல் கடை வாசகி,
மயிலாடுதுறை.